பல்லிழப்பும் முகத்தோற்ற மாற்றமும்: தாடை எலும்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பற்களை இழந்தவரின் கன்னம் ஒட்டுவதும் இதழ்கள் உள்ளடங்குவதும் முதுமையின் இயல்பான விளைவுகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஆனால், இம்மாற்றங்களில் பெரும்பகுதி பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பு கரைவதால் ஏற்படுவதாகும். பல் நீங்கிய பின் எலும்பு எவ்வாறு குறைகிறது, அக்குறைவு முகத்தையும் ஒலிப்பையும் எவ்வாறு மாற்றுகிறது, நடைமுறையில் உள்ள சிகிச்சைகளுள் எவை பல்லின் இடத்தை மட்டும் நிரப்புகின்றன, எவை எலும்பையும் காக்கின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பல்லைப் பிடுங்குவதற்கு முன் எடுக்கப்படும் முடிவே பிற்கால முகத்தோற்றத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பல்லிழப்பு, பல்குழி எலும்பு, முகத்தோற்றம், ஒலிப்பு, பல்செட்டு, பல் உள்வைப்பு.

முன்னுரை

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. பல்லிழப்பால் பேச்சின் தெளிவு குன்றுவதை இது சுட்டுகிறது. பற்களற்ற வாயைப் ‘பொக்கை வாய்’ என்பது மக்கள் வழக்கு. பொக்கு என்னும் சொல் உள்ளீடற்ற தன்மையைக் குறிக்கும். பல் போன வாய் தன் உள்ளீட்டை இழந்துவிட்டது என்னும் உற்றுநோக்கல் இவ்வழக்கில் பொதிந்துள்ளது எனலாம்.

அவ்வுள்ளீடு யாது என்பதே இங்கு எழும் வினா. பற்கள் மட்டுமே அவ்வுள்ளீடு எனின், பல்செட்டு அணிந்தவுடன் முகம் முன்னைய நிலைக்கு மீண்டு, அந்நிலையிலேயே நிற்றல் வேண்டும். ஆனால், நன்கு பொருந்திய பல்செட்டும் சில ஆண்டுகளில் தளர்கிறது. அதை அணிந்தவரின் முகமும் மெல்ல ஒடுங்குகிறது. ஆகவே, பல்லுடன் சேர்ந்து வேறொன்றும் இழக்கப்படுகிறது என்பது தெளிவு. அதுவே பல்லைச் சூழ்ந்து நின்ற எலும்பு.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உடையோரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள். 20 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் கணக்கில் கொண்டால் இவ்வளவு ஏறத்தாழ 7 விழுக்காடு ஆகும். சொத்தையும் ஈறு நோயுமே இவ்விழப்பின் முதன்மைக் காரணங்கள். இவ்விரண்டும் பெரும்பாலும் தடுக்கத்தக்கவை. எனவே, பல்லிழப்பை முதுமையின் கட்டாயப் பகுதியாகக் கொள்வது பொருந்தாது.

1. பல்லும் பல்குழி எலும்பும்

தாடை எலும்பை இரு பகுதிகளாகப் பிரித்துக் காணலாம். ஒன்று, தாடையின் அடிப்பகுதியாகிய உடல் எலும்பு. மற்றொன்று, அதன்மேல் அமைந்து பல்வேர்களைப் பொதிந்து நிற்கும் பல்குழி எலும்பு. பின்னது பல் முளைக்கும்போது உடன் வளர்வது. பல் இருக்கும்வரை நிலைப்பது. பல் முளைக்காத இடத்தில் அது முழுமையாக உருவாவதில்லை. பல் நீங்கிய இடத்தில் அது கரையத் தொடங்குகிறது. சுருங்கக் கூறின், பல்குழி எலும்பு பல்லுக்காகவே உள்ள எலும்பு.

பல்வேருக்கும் எலும்புக்கும் இடையில் நுண்ணிய நார்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. உணவை மெல்லும்போது பல்லின்மீது விழும் விசை, இந்நார்களின் வழியே இழுவிசையாக மாறிக் குழியின் சுவரைச் சென்றடைகிறது. விசைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பது செருமானிய அறுவை மருத்துவர் யூலியசு உல்ஃப் 1892இல் எடுத்துரைத்த கோட்பாடு. பயன்பாட்டில் உள்ள எலும்பு வலுப்பெறும், பயன்பாடற்றது மெலியும். பல் நீங்கியதும் நார்ப்படலமும் நீங்குவதால், குழி எலும்புக்கு அதுவரை கிடைத்த தூண்டல் அற்றுப்போகிறது.

2. எலும்பு குறையும் வேகமும் திசையும்

எலும்புக் குறைவு பல் நீங்கிய நாள் தொட்டே தொடங்குகிறது. தனிப்பல் பிடுங்கப்பட்ட இடங்களை ஓராண்டுக் காலம் தொடர்ந்து அளந்து சுரோப் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிக்கத்தக்கது. ஓராண்டில் அவ்விடத்து எலும்பு மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்தது. புண் ஆறிவிட்டது என்று எண்ணி நோயாளி மருத்துவரை மறந்திருக்கும் காலமே எலும்பு மிக விரைவாகக் குறையும் காலம் என்பதை இதனால் அறியலாம்.

முதல் ஓராண்டுக்குப் பின் வேகம் தணிகிறதே தவிர, குறைவு நிற்பதில்லை. முழுப் பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த தால்கிரென், 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அக்காலம் முழுவதும் எலும்பு கரைந்துகொண்டே இருந்ததையும், கீழ்த்தாடையின் முன்பகுதியில் அக்குறைவு மேல்தாடையைவிடச் சராசரியாக நான்கு மடங்கு மிகுந்திருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். மேல் செட்டு நன்றாக இருக்கிறது, கீழ் செட்டு மட்டும் ஆடுகிறது என முதியோர் கூறுவதற்கு இதுவே அடிப்படை. மேல் செட்டு அண்ணத்தின் பரப்பில் ஒட்டி நிற்க, கீழ் செட்டோ நாக்கு அசையும் இடத்தில் குறுகிய மேட்டின்மீது அமர வேண்டியுள்ளது. அம்மேடும் விரைந்து தேய்கிறது.

குறைவின் திசையும் கருதத்தக்கது. மேல்தாடையில் எலும்பு பெரிதும் வெளிப்புறத்திலிருந்து கரைவதால், தாடை வளைவு மேல்நோக்கியும் உள்நோக்கியும் சுருங்குகிறது. கீழ்த்தாடையின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகன்றது. எனவே, உயரம் குறையக் குறைய எஞ்சும் வளைவு வெளிநோக்கி அகன்றதாகத் தோன்றுகிறது. ஒன்று சுருங்க, மற்றொன்று அகல, இரு தாடைகளுக்கும் இடையே இருந்த பொருத்தம் குலைகிறது. பல் உள்ள நிலையில் மேல்தாடை கீழ்த்தாடையைச் சற்றே தழுவி நிற்கும். நெடுங்காலம் பல்லற்ற வாயில் இவ்வமைப்புத் தலைகீழாகிறது.

3. முகத்தில் தெரியும் மாற்றங்கள்

முகத்தின் கீழ் மூன்றிலொரு பகுதி, அதாவது மூக்கின் அடியிலிருந்து முகவாய் வரையிலான பகுதி, தன் உயரத்தையும் பருமனையும் பற்களிடமிருந்தும் பல்குழி எலும்பிடமிருந்தும் பெறுகிறது. இவை நீங்கும்போது பின்வரும் மாற்றங்கள் தோன்றுகின்றன.

உயரம் குறைதல்: மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் இடமே கீழ்த்தாடை மூடும்போது நிற்கும் எல்லை. அவ்வெல்லை இல்லாதபோது கீழ்த்தாடை மேலும் உயர்ந்து, முகவாய் மூக்கை நெருங்குகிறது. தாடை மேலே சுழலும்போது முன்னோக்கியும் நகர்வதால் முகவாய் துருத்தித் தெரிகிறது.

இதழ் உள்ளடங்குதல்: இதழ்களைச் சூழ்ந்த வட்டத்தசைக்குப் பின்னிருந்து தாங்கல் தருபவை முன்பற்களும் அவற்றின் வேரைப் பொதிந்த எலும்புமே. தாங்கல் நீங்கியதும் இதழின் செந்நிற விளிம்பு உள்ளே மடிந்து மெலிதாகிறது. மேலிதழில் நெடுக்குச் சுருக்கங்கள் தோன்றுகின்றன.

மடிப்புகள் ஆழமாதல்: மூக்கின் ஓரத்திலிருந்து கடைவாய் நோக்கி இறங்கும் மடிப்பும், கடைவாயிலிருந்து முகவாய் நோக்கி இறங்கும் மடிப்பும் ஆழமாகின்றன. கடைவாய் தாழ்வதால், வருத்தம் இல்லாதவரும் வருந்துவதுபோல் தோன்றுகிறார். அம்மடிப்பில் எச்சில் தேங்குவதால் கடைவாய்ப் புண் ஏற்படுவதும் உண்டு.

கன்னம் ஒட்டுதல்: கடைவாய்ப் பற்கள் பல நீங்கும்போது கன்னத்தசை உட்புறத் தாங்கலை இழக்கிறது. மெல்லும் தசைகளின் வலுக்குறைவும் உணவுக்குறைவால் வரும் உடல் மெலிவும் இதனை மிகுவிக்கின்றன.

இங்கு ஒரு வரையறை தேவை. ஒரு பல் போனாலே முகம் முதுமை அடைந்துவிடும் என விளம்பரங்கள் கூறுவது மிகைக்கூற்றாகும். ஒரு கடைவாய்ப் பல்லின் இழப்பு வெளித்தோற்றத்தில் பொதுவாகப் புலப்படுவதில்லை. அதன் விளைவு வேறு வகையினது: அண்டைப் பற்கள் வெற்றிடம் நோக்கிச் சாய்கின்றன, எதிர்த்தாடைப் பல் மெல்ல நீண்டு இறங்குகிறது, அவ்விடங்களில் உணவு சிக்கி, மேலும் சில பற்கள் கேடுறுகின்றன. ஓர் இழப்பு பல இழப்புகளுக்கு வழிவகுக்கும்போதே முகம் மாறுகிறது. முன்பல்லின் நிலை வேறு. ஒரு முன்பல்லும் அதன் எலும்பும் இழக்கப்பட்டாலே சிரிப்பில் வெற்றிடமும் ஈற்றில் பள்ளமும் புலப்படும்.

4. ஒலிப்பில் ஏற்படும் மாற்றங்கள்

முகத்தோற்றத்தை மாற்றும் அதே இழப்பு ஒலிப்பையும் மாற்றுகிறது. எழுத்துகளின் பிறப்பிடங்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியப் பிறப்பியல், எண்வகை நிலைகளுள் பல்லையும் ஒன்றாக வைக்கிறது. தகர நகரங்கள் நாநுனி பல்லின் அடியைப் பொருந்துவதால் பிறக்கின்றன எனவும், வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறக்கிறது எனவும் அது கூறும். இன்றைய ஒலியியலாரும் தகர நகரங்களைப் பல்லொலிகளாகவே வகைப்படுத்துவர்.

மேல் முன்பற்கள் நீங்கும்போது நாநுனிக்குரிய தடை மறைகிறது. நாக்கு இதழ்களுக்கிடையே நீள்கிறது. மேற்பல் கீழிதழைத் தொட இயலாமையால் வகரம் ஈரிதழ் ஒலியாகிறது. ‘பசி’, ‘இசை’ போன்ற சொற்களில் இடைவரும் சகரத்துக்கு, நாக்குக்கும் முன்பற்களுக்கும் இடையே குறுகிய வழியில் காற்று உராய்ந்து செல்ல வேண்டும். அவ்வழி அகன்றுவிடுவதால் ஒலி மழுங்குகிறது. பழமொழி சுட்டும் ‘சொல் போதல்’ இதுவே. ஆசிரியர், சொற்பொழிவாளர், ஓதுவார் போன்று குரலைத் தொழிற்கருவியாகக் கொண்டோர்க்கு இவ்விழப்பு தோற்ற இழப்பினும் பெரிது.

பல்செட்டு அமைக்கும் மருத்துவர்கள் ஒலிப்பைச் சோதனைக் கருவியாகவும் கொள்கின்றனர். நோயாளியை ஆங்கில எண்களைச் சொல்லச் செய்வது பயிற்றுவிக்கப்படும் முறைகளுள் ஒன்று. ‘ஃபிஃப்டி ஃபைவ்’ எனும்போது மேல் முன்பல் கீழிதழின் விளிம்பைத் தொடுகிறதா என்பதும், ‘சிக்ஸ்டி சிக்ஸ்’ எனும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மோதாமல் நெருங்குகின்றனவா என்பதும் நோக்கப்படும். முன்பல்லின் நீளமும் முகத்தின் கீழ்ப்பகுதி உயரமும் இதனால் சரிபார்க்கப்படுகின்றன.

இம்முறையை அப்படியே தமிழாக்கினால் பயன் விளையாது. ‘ஐம்பத்தைந்து’ என்பதில் பல்லிதழ் ஒலி இல்லை. ‘அறுபத்தாறு’ என்பதில் உராய்வொலி இல்லை. தமிழ் மட்டுமே அறிந்த முதியவரைச் சோதிக்க, தமிழின் ஒலியமைப்பிலிருந்தே சொற்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வகரத்துக்கு ‘வெவ்வேறு’, ‘அவ்வை’. தகர நகரங்களுக்கு ‘தந்தை’, ‘நந்தவனம்’. உராய்வுச் சகரத்துக்கு ‘வாசல்’, ‘ஓசை’ போன்றவை பொருந்தலாம். தமிழ் வகரத்தின் ஒலிப்பு ஆங்கில ஒலியைப் போல அழுத்தமான உராய்வுடையதன்று என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். இத்தகைய சொற்பட்டியல்களை வகுத்துச் செம்மைப்படுத்துவது பல் மருத்துவரும் மொழியியலாரும் இணைந்து ஆற்றத்தக்க பணியாகும்.

5. சிகிச்சை வழிகள்

சிகிச்சைகளை மதிப்பிடும்போது இரு வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். இழந்த பருமனை இச்சிகிச்சை நிரப்புகிறதா? எஞ்சிய எலும்பை இது காக்கிறதா? முதல் வினாவுக்கு ‘ஆம்’ எனும் சிகிச்சைகள் அனைத்தும் இரண்டாவதற்கும் ‘ஆம்’ எனக் கூறுவதில்லை.

5.1 பல்வேரைக் காத்தல்

பல்லின் மேற்பகுதி சிதைந்தாலும் வேர் உறுதியாக இருப்பின், வேர் சிகிச்சை செய்து, மேலே உறை பொருத்திப் பல்லைக் காக்கலாம். பல பற்கள் போய்விட்ட நிலையிலும், எஞ்சிய இரண்டு கோரைப் பற்களின் வேர்களையேனும் விட்டுவைத்து, அவற்றின்மேல் பல்செட்டை அமர்த்தும் முறை உண்டு. கிரம், ரூனி ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வில், இம்முறையில் கீழ்த்தாடை முன்பகுதியின் எலும்பு உயரம் சராசரியாக 0.6 மில்லிமீட்டரே குறைந்தது. எல்லாப் பற்களும் பிடுங்கப்பட்டு முழுச் செட்டு அணிந்தவர்க்கு அக்குறைவு 5.2 மில்லிமீட்டர். ‘ஒன்றிரண்டு பல் இருந்து என்ன பயன், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்’ என்னும் முடிவின் விலையை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும் என்னும் நம்பிக்கை மக்களிடையே நிலவுகிறது. பல்லின் உணர்ச்சி ஐந்தாம் மூளை நரம்பைச் சார்ந்தது; பார்வை இரண்டாம் மூளை நரம்பைச் சார்ந்தது; இரண்டும் வெவ்வேறு. இவ்வச்சத்தால் காக்க இயலாத, சீழ்பிடித்த பல்லை நெடுநாள் விட்டுவைப்பதும் எலும்பை அரிக்கும். காக்கத்தக்க வேரைக் காப்பதும், காக்க இயலாததை உரிய காலத்தில் நீக்குவதுமே முறை.

5.2 நிலையான பாலம்

ஒன்றிரண்டு பற்கள் இல்லாத இடத்தில், இருபுற அண்டைப் பற்களைச் செதுக்கி உறையிட்டு, அவற்றுக்கிடையே செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வது பாலம். இது தோற்றத்தையும் ஒலிப்பையும் விரைவில் மீட்கிறது; கழற்றி மாட்டும் தேவையும் இல்லை. நலமுள்ள பற்களைச் செதுக்க நேர்வதும், பாலத்தின் அடியில் உள்ள எலும்பு தொடர்ந்து குறைவதும் இதன் வரம்புகள்.

5.3 கழற்றி மாட்டும் பல்செட்டு

பல்செட்டு அறுவையின்றி, குறைந்த செலவில், சில வாரங்களில் பயன்தருவது. அதன் சிவந்த அக்ரிலிக் விளிம்பு, இழந்த எலும்பின் பருமனையும் ஓரளவு நிரப்பி இதழுக்கும் கன்னத்துக்கும் தாங்கல் தருகிறது. அவ்வகையில் முகத்தோற்றத்தை உடனடியாக மாற்றுவதில் இதன் பங்கு பெரிது.

இந்நிரப்பலில் அளவு தவறினால் நேரும் விளைவுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாசிங்டன், 1789இல் பதவியேற்றபோது இயற்கைப் பல் ஒன்றே எஞ்சியிருந்தவர். நீர்யானைத் தந்தத்தில் அவருக்குச் செட்டு செய்தளித்தவர் ஜான் கிரீன்வுட். செட்டு தம் இதழ்களை வெளியே தள்ளுவதாக வாசிங்டன் 1798இல் அவருக்குக் கடிதத்தில் முறையிட்டுள்ளார். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் தீட்டிய ஓவியத்தில் வாய்ப்பகுதி விறைத்துக் காணப்படுவதையும் இதனுடன் இணைத்து நோக்குவர். குறைந்தால் முகம் ஒடுங்கும், மிகுந்தால் அந்நியமாகும். எனவே, பற்களை மெழுகில் அடுக்கிப் பார்க்கும் கட்டத்திலேயே நோயாளி கண்ணாடியில் பார்த்தும் பேசியும் தம் கருத்தைச் சொல்லுதல் நன்று. பழைய ஒளிப்படம் ஒன்றை மருத்துவரிடம் காட்டுவதும் உதவும்.

பல்செட்டின் அடிப்படைக் குறை, அது எலும்பைக் காப்பதில்லை என்பது. இயற்கைப் பல்லின் விசை இழுவிசையாக எலும்பினுள் செல்கிறது. செட்டின் விசையோ ஈற்றை மேலிருந்து அழுத்துகிறது. எலும்பு குறையக் குறையச் செட்டின் உட்புறத்தை மீண்டும் பூசிப் பொருத்தவோ புதிய செட்டு செய்யவோ வேண்டும். தளர்ந்த செட்டைப் பசையிட்டு ஆண்டுக்கணக்கில் அணிவது முகத்தின் உயரக் குறைவை மறைத்து மிகுவிக்கும். இரவில் செட்டைக் கழற்றி, தூய்மை செய்து, நீரில் இட்டுவைப்பது ஈற்றுக்கு நலம்.

5.4 பல் உள்வைப்பு

இம்ப்ளாண்ட் எனப் பரவலாக வழங்கும் பல் உள்வைப்பு, தாடை எலும்பினுள் பொருத்தப்படும் டைட்டானியத் திருகு ஆகும். சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரேனமார்க், 1950களில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆய்ந்தபோது, எலும்பு அவ்வுலோகத்துடன் பிரிக்க இயலாதவாறு பிணைந்ததைக் கண்டார். 1965இல் மனிதரின் தாடையில் இம்முறை பயன்பட்டது. 1982இல் டொரன்டோவில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின் உலகெங்கும் பரவியது.

உள்வைப்பு மெல்லும் விசையை எலும்பினுள் செலுத்துவதால், அதைச் சூழ்ந்த எலும்பு பெரும்பாலும் நிலைக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் உள்வைப்பு தேவை என்பதில்லை. பல்லற்ற கீழ்த்தாடைக்கு இரண்டு உள்வைப்புகளின்மேல் அமரும் பல்செட்டே முதல் தேர்வாக அமையவேண்டும் என 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். நான்கு உள்வைப்புகளின்மேல் முழுத் தாடைக்கும் நிலையான பற்களை அமைக்கும் முறையும் வழக்கில் உள்ளது.

எலும்பு போதாத இடத்தில் எலும்பு ஒட்டு தேவைப்படலாம். மேல்தாடையின் பின்பகுதியில் கன்னக்குழியின் அடித்தளத்தை உயர்த்தவும் நேரலாம். காலம் தாழ்த்தியவர்க்குச் செலவும் அறுவையும் மிகுவது இதனாலேயே. கட்டுப்படாத நீரிழிவு, புகைப்பழக்கம், தாடைப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சு, எலும்புத் தேய்வுக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் இன்றியமையாதது. துப்புரவு குன்றினால் உள்வைப்பைச் சூழ்ந்தும் ஈறு நோய் தோன்றி எலும்பு அழியும்.

முகச் சுருக்கத்தை ஊசிவழி நிரப்பிகளால் மறைப்பதும் இன்று பரவி வருகிறது. அது தோலின் பள்ளத்தை நிரப்புமேயன்றி, உள்ளிருக்கும் தாங்கலை மீட்பதில்லை. பற்களைச் சீர்செய்த பின்னும் எஞ்சும் குறைக்கே அது பொருந்தும்.

தொகுப்புரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• பல்லிழந்த முகத்தின் ஒடுக்கம் முதுமையால் மட்டும் விளைவதன்று. பல்குழி எலும்பின் குறைவே அதன் அடிப்படை. அக்குறைவு முதல் சில மாதங்களில் விரைந்தும், பின்னர் வாழ்நாள் முழுவதும் மெல்லவும் நிகழ்கிறது.

• பாலமும் பல்செட்டும் தோற்றத்தை மீட்கின்றன, எலும்பைக் காப்பதில்லை. காக்கப்பட்ட இயற்கை வேரும் பல் உள்வைப்பும் எலும்பையும் காக்கின்றன.

• உள்வைப்புக்கு வாய்ப்பில்லாதோர்க்கும் வழி உண்டு. காக்கத்தக்க வேர்களை விட்டுவைத்தலும், செட்டைக் காலந்தோறும் சீர்செய்தலும் முகத்தின் ஒடுக்கத்தைக் குறைக்கும்.

• பல்செட்டின் சரிநிலையைச் சோதிக்கத் தமிழ் ஒலிகளுக்கேற்ற சொற்பட்டியல் தேவை. பிறப்பியல் அறிவு இன்றைய மருத்துவப் பணிக்கும் துணையாக அமையும் இடம் இது.

80 வயதிலும் 20 பற்களைக் காத்தல் என்னும் இலக்குடன் 1989இல் சப்பான் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. போன பல்லைக் கட்டுவதினும் இருக்கும் பல்லைக் காப்பதே முதன்மையானது என்பது அதன் அடிப்படை. பல் வலியுடன் மருத்துவரை நாடும் ஒருவர், பிடுங்குவதற்கு இசைவு தருமுன் ‘இவ்வேரைக் காக்க இயலுமா? இயலாதெனின் இவ்விடத்து எலும்பைக் காக்க என்ன வழி?’ என்னும் இரு வினாக்களைக் கேட்பாராயின், அவர்தம் பிற்கால முகத்தையும் சொல்லையும் காக்கும் வாய்ப்பு மிகும்.